முன்சீப் கூடை

என்னைக் குழுவில் சேர்த்தது யார் என்பது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. முதல் நாளே தெரிந்திருந்தால் வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

வந்தவர் லக்ஷ்மிநாராயணன், தொழிலாளர் துறை அதிகாரி. 1987 ஆடி மாதம். கல் உடைக்கும் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க அரசு ஒரு குழு போடுகிறது, அதில் நான் சுயேச்சை உறுப்பினராக இருக்க வேண்டும் என்றார். முதலாளிகள் பக்கம் இரண்டு பேர், தொழிலாளர் பக்கம் இரண்டு பேர், நடுவே லாபமோ நஷ்டமோ இல்லாத இரண்டு பேர். குழு விசாரித்துச் சிபாரிசு செய்யும். அரசு அதைப் பார்த்து அரசிதழில் வெளியிடும். அதன் பிறகு அந்தக் கூலிக்குக் கீழே கொடுத்தால் குற்றம்.

"என் தம்பி தசரதன் கல்குவாரி வச்சிருக்கான். அது தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். அவரும் குழுவில இருக்கார், முதலாளிகள் சார்பா. அதனால என்ன? முன்சீப் வீட்டைப் பத்தி ஜில்லாவுக்கே தெரியும். உங்க கையெழுத்து இருந்தா போதும், யாரும் கேள்வி கேக்க மாட்டா."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் ஏமாந்தேன்.

என் தகப்பனார் வேதகிரி, தாம்பரத்திலிருந்து படப்பை போகும் வழியிலுள்ள எங்கள் ஊருக்கு இருபத்தாறு வருஷம் கிராம முன்சீப்பாக இருந்தவர். 1980இல் அரசு அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டது. ஊர் எடுக்கவில்லை. இன்றும் எங்கள் வீடு முன்சீப் வீடு, நான் முன்சீப் மகன் துளசிங்கம். முப்பத்திரண்டு வருஷம் பத்திரப்பதிவு ஆபீசில் வேலை பார்த்துச் சார்பதிவாளராக ஓய்வு பெற்றேன். மேஜைக்கு அடியில் கை நீட்டாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. பாகப்பிரிவினையில் வீடு எனக்கு வந்தது, பாறை தம்பிக்குப் போயிற்று. அவன் பாறையை உடைத்துப் பணமாக்கி ஊருக்கு வெளியே கிரானைட் தரை போட்ட வீடு கட்டிக்கொண்டான். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

சைதாப்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் குழு கூடியது. மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலி தலைவருடையது. தலைவர் யக்ஞநாராயணன், குரோம்பேட்டைக் காலனிவாசி, பொருளாதாரப் பேராசிரியர். இன்னொரு சுயேச்சை உறுப்பினர் அவர்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும், எத்தனை கெஜம் துணி வேண்டும் என்று கரும்பலகை இல்லாத குறையாக விளக்குவார். மனிதர் சுத்தியலைத் தொட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். வெயிலில் நடந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

முதலாளிகள் பக்கம் தசரதனும், கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு குவாரிக்காரரும். அந்த மனிதர் நடந்த எல்லாக் கூட்டங்களிலும் பேசியது "அவரு சொல்றதுதான் சார்" என்ற ஒரே வாக்கியம். தொழிலாளர் பக்கம் சங்கத் தலைவர் துரைராஜ். வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா, ஒன்றிலாவது மை இருந்து நான் பார்த்ததில்லை. அவருக்குப் பக்கத்தில் கிளியம்மாள். நாற்பது வருஷமாகக் கல் உடைப்பவள், எழுதப் படிக்கத் தெரியாது. விதிப்படி ஒரு தொழிலாளி இருக்க வேண்டும் என்பதற்காக அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். முதல் மூன்று கூட்டங்களில் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீ வந்தபோது மட்டும், "அம்மா, சர்க்கரை போட்டதா, போடாததா?" என்று லக்ஷ்மிநாராயணன் கேட்டார்.

கல் உடைப்பவர்களுக்கு நாள் கூலி கிடையாது. பெட்டிக் கணக்கு. அடி இல்லாத மரச்சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, உடைத்த ஜல்லியைக் கூடை கூடையாக அதில் கொட்ட வேண்டும். சட்டம் நிரம்பினால் ஒரு பெட்டி. அன்றைக்குப் பெட்டிக்கு எட்டு ரூபாய். துரைராஜ் பதினெட்டு கேட்டார். தசரதன் பத்துக்கு மேல் ஏற மாட்டேன் என்றான். தலைவர் இரண்டையும் கூட்டிப் பாதியாக வகுத்தார். அதற்குத்தான் பொருளாதாரம் படித்தாராம்.

"பதினாலுன்னு வச்சுக்கலாமா தசரதன்?"

"சரி சார், உங்களுக்காக," என்றான் என் தம்பி.

எனக்குச் சுருக்கென்றது. பாகப்பிரிவினையின்போது ஒரு கிணற்றின் ஏற்றக் கல்லுக்காக ஆறு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவன் அவன். நான்கு ரூபாயை இப்படித் தூக்கிக் கொடுக்கிறான்.

"தலைவர் அவர்களே, நாம யாரும் இன்னும் பாறையைப் பாக்கலை. பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றேன்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தை மாதம் ஜீப்பில் போனோம். தசரதன் பாறைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, இளநீர் சீவி வைத்து, மேஜைக்கு வெள்ளை விரிப்பு விரித்திருந்தான். பெண் பார்க்க வந்தவர்களைப் போல எல்லாரும் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். தலைவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு "டஸ்ட் ஜாஸ்தி" என்று கண்டுபிடித்தார். புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்த பெட்டி தயாராக இருந்தது. நான் அளவு நாடாவை எடுத்துப் போயிருந்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் சரியாக இருந்தன.

தனம் என்ற பெண்ணைப் பெட்டியை நிரப்பிக் காட்டச் சொன்னார்கள். நான் எண்ணினேன். பன்னிரண்டு கூடையில் ஜல்லி வாய்மட்டத்துக்கு வந்தது. தலைவர் "குட், குட்" என்று எழுந்தார். தனம் நிற்கவில்லை. பதின்மூன்றாவது கூடையைத் தூக்கி மேலே கொட்டினாள். பதினாலாவதைத் தூக்கினாள். அவள் முகம் எங்கள் பக்கமே இல்லை. பல வருஷம் செய்த வேலையைக் கை தானாகச் செய்துகொண்டிருந்தது.

மேஸ்திரி ஓடி வந்தான். "ஏய் தனம், இன்னா பண்றே? இன்னிக்கு முன்சீப் கூட போட வாணாம்னு காலைலயே சொன்னேன்ல?"

அவள் கூடையைத் தலையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். மேஸ்திரி என்னைப் பார்த்தான். தசரதன் மேஸ்திரியைப் பார்த்தான். துரைராஜ் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் ஜீப்பில் ஏறியிருந்தார்.

அடுத்த கூட்டம் முடிந்து மின்சார ரயிலில் திரும்பும்போது, கிளியம்மாள் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். சீட்டு காலியாக இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவளுக்கு எதிரில் நானே போய் நின்றேன்.

"முன்சீப் கூடைன்னா என்ன?"

"உங்குளுக்குத் தெரியாதா ஐயா?" அவள் நம்பவில்லை. "பெட்டிக்கு மேல மூணு கூட. கூலி கெடையாது. எங்கம்மா காலத்துல ஒரு கூடதான்."

"அது கோயிலுக்கு. எல்லையம்மன் கோயில் மதில் இடிஞ்சப்போ எங்கப்பா ஊரைக் கேட்டு வாங்கினது. மதில் முடிஞ்சதும் நின்னுபோச்சு."

"மதிலு முடிஞ்சிது. கூட எங்க நின்னுது? மதிலுக்கு அப்பால உங்க வூட்டு மாடிக்கிப் போச்சு. எங்கம்மா சொமந்து வந்து உங்க வாசல்ல கொட்னத நானே பாத்துகீறேன். பெரிய முன்சீப்பு போனதுக்கப்புறம் உங்க தம்பி ரெண்டாக்குனாரு. மூணாவது கூட சங்கத்துக்கு. சங்கம் கட்டடம் கட்டுதாம். பத்து வருசமா கட்டிகினே கீது."

"நீங்க ஏன் கொடுக்கறீங்க?"

"முன்சீப்புக்கு இல்லன்னு எப்டி சொல்றது?" என்றாள் கிளியம்மாள். கேலியாகத்தான் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. "இந்த ஒரு பாறைல மட்டுமில்ல. படப்பையாண்டருந்து கூடுவாஞ்சேரி வரிக்கும் ஒம்போது குவாரில இதே பேருதான். பதினாலு ரூபா தந்தா இன்னா, இருவது தந்தா இன்னா? நாலு கூட, அஞ்சு கூடன்னு ஏத்திக்குவாங்கோ. இன்னா பேஜாரு பண்ணிகினு ரேட்டு பேசறீங்கோ எல்லாரும்."

ஆறு மாதம் சைதாப்பேட்டை மாடியில் டீ குடித்துப் பேசியதை அவள் அதோடு முடித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தாயாரம்மாளைக் கூப்பிட்டேன். அவள் 1950இல் இந்த வீட்டுக்கு வந்தவள். மாடி எடுத்தது 1958இல். அப்போது நான் வெளியூரில் உத்தியோகத்தில் இருந்தேன், அவள் இங்கே இருந்தாள்.

"மாடித் தளம் போடறதுக்கு ஜல்லி எங்கேருந்து வந்தது?"

"பாறைலருந்து பொம்பளைங்க கொண்டாந்து கொட்டினாங்க. நான்தான் எல்லாருக்கும் மோர் ஊத்தினேன்."

"காசு?"

"மாமா யாருக்கு காசு குடுத்தாரு? முன்சீப் வீட்டு வேலைக்குக் காசு கேப்பாங்களா?"

"இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலையே," என்று சொல்லி அவள் அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் மாடிக்குப் போகவில்லை.

பங்குனியில், கடைசிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் தசரதன் வந்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் இந்த வாசல்படி ஏறியது அதுதான் முதல் தடவை. லக்ஷ்மிநாராயணனிடம் நான் சொல்லிவிட்டிருந்தேன், அறிக்கையில் கூடையைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று. அது அவனுக்கு எட்டிவிட்டது.

"அண்ணா, உன்ன கமிட்டில போட சொன்னதே நான்தான்," என்று ஆரம்பித்தான். "முன்சீப் வூட்டு கையெழுத்து ரெண்டும் ஒரே காயிதத்துல இருந்தா எவனும் கேக்க மாட்டான்னு லக்ஷ்மிநாராயணனாண்ட சொன்னேன். நீ எனக்கே குழி வெட்டறே."

லக்ஷ்மிநாராயணன் என் நேர்மையைத் தேடி வந்தார் என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்கு வேலி போடுபவன் கல்தூண் தேடுவதைப் போல, இவர்கள் ஒரு பெயரைத் தேடியிருக்கிறார்கள்.

"பேரு கெஸட்ல வரும்ணா. தாலுக்கா ஆபீசு, கோர்ட்டு, எல்லா எடத்துக்கும் போவும். நாளைக்கு எவனோ ஒரு வக்கீல் எழுந்து நின்னு முன்சீப் கூடன்னு படிப்பான். அப்பாவ திருடன்னு உன் கையால நீ எழுதப் போறியா? வர்ற தையில எம்பொண்ணு கல்யாணம்."

"கூடையை நீ எடுத்தப்போ அப்பா ஞாபகம் வரலையா?"

"நான் எடுத்தது அப்பா எடுத்ததுதானே? நீ இப்போ குந்திகினு கீறியே, இந்த வூட்ட எதுல கட்னாங்கோ?" அவன் குரலைத் தாழ்த்தினான். "கூடைய நானே நிறுத்திட்றேன். நாளைலருந்து கெடையாது. நீ எழுதாத. அவ்ளோதான் கேக்கறேன்."

அவன் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். கூடையும் நிற்கும், பெயரும் தப்பும். அவனைப் போன்ற ஒருவனிடமிருந்து இதைவிட நல்ல பேரம் வராது. அவன் மீதிருந்த இகழ்ச்சியில் அன்று எனக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. ஏனென்றால் நான் அந்தப் பேரத்தைப் பாதி ஏற்றுக்கொண்டேன். ஒரு காகிதத்தில் இப்படி எழுதினேன்: "பெட்டி வாய்மட்டத்துக்குச் சமன் செய்யப்பட வேண்டும். அதற்கு மேல் எதுவும் போடச் சொல்லக் கூடாது." பெயர் இல்லை.

கடைசிக் கூட்டத்தில் அந்த வரியைப் படித்தேன். தசரதன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். கூடுவாஞ்சேரிக்காரர் "அவரு சொல்றதுதான் சார்" என்றார்.

"எக்ஸலன்ட்," என்றார் தலைவர். "அப்போ யுனானிமஸ். கையெழுத்துப் போட்டுடலாம்."

லக்ஷ்மிநாராயணன் கட்டைவிரல் ரேகை வைக்க மைப்பெட்டியைக் கிளியம்மாள் பக்கம் தள்ளினார். அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"அதுல முன்சீப் கூடன்னு எழுதிகீதா?"

"அதெல்லாம் எதுக்கும்மா? அதிகமா எதுவும் போடக் கூடாதுன்னு போட்டாச்சு. அதுலயே எல்லாம் அடங்கிடும்," என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"அடங்காது சார். மேல போட்றது கூலி ஜல்லி இல்ல, முன்சீப்புக்குக் குடுக்கறது, அது வேற இது வேறன்னு மேஸ்திரி சொல்லுவாரு. வருசம் பூரா அதான சொல்றாரு. பேரு எழுதினாதான் நிக்கும்."

"கிளியம்மா, நீ சும்மா இரு. சங்கம் பாத்துக்கும்," என்றார் துரைராஜ்.

"சங்கம் கூடையத்தான் பாத்துக்குது," என்றாள்.

துரைராஜ் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கூடையின் பெயர் முதலிலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எட்டு மாதமாக நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதும் புரிந்தது.

கிளியம்மாள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. மைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கோங்க," என்றேன் லக்ஷ்மிநாராயணனிடம். "முன்சீப் கூடை என்ற பெயரிலோ, கோயில், சங்கம் அல்லது வேறு எந்தப் பெயரிலோ, வாய்மட்டத்துக்கு மேல் ஜல்லி வாங்குவது கூலியைப் பிடித்தம் செய்வதாகும்."

"சார், அது உங்க ஃபாதரை..."

"என் தகப்பனார்தான். வேற யாராவது எழுதினா அவதூறு. நான் எழுதறேன்."

தசரதன் எழுந்தான். "நாங்க ரெண்டு பேரும் ஒத்துக்க மாட்டோம் சார்."

தலைவர் பதறினார். "துளசிங்கம், லுக் ஹியர், யுனானிமஸா போனாதான் ரிப்போர்ட்டுக்கு வெயிட். ஒரு வரிக்காகப் பிடிவாதம் பிடிக்காதீங்கோ."

"வரி வேண்டாம்னா விட்டுடுங்க. நான் தனியா மறுப்புக் குறிப்பு எழுதிச் சேர்க்கறேன். அதுல ஒம்போது குவாரியோட பேர் வரும். முதலாளிகளோட பேர் வரும். மூணாவது கூடை எங்க போவுதுங்கறதும் வரும். பாறைக்குப் போனப்போ தலைவர் ஜீப்புல உக்காந்திருந்ததும் வரும்."

அதன் பிறகு ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. துரைராஜுக்கு அந்த வரி திடீரென்று பிடித்துவிட்டது, தொழிலாளி வர்க்கத்தின் நெடுநாள் கோரிக்கை என்றார். கூடுவாஞ்சேரிக்காரர் தசரதனின் முகத்தைப் பார்த்தார். தசரதன் ஒன்றும் சொல்லாததால் அவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மேஜையில் எறிந்தான். அதே பேனாவை எடுத்து நானும் போட்டேன். வழக்கமாக "வே. துளசிங்கம்" என்று போடுவேன். அன்று தகப்பனார் பெயரை முழுதாக எழுதினேன்.

அரசிதழில் வர எட்டு மாதம் ஆயிற்று. மேலே யாரோ பதினாலைப் பதின்மூன்றாகக் குறைத்திருந்தார். அதற்குக் காரணம் எழுதவில்லை. என் வரி மட்டும் அட்டவணைக்குக் கீழே விளக்கம் என்ற தலைப்பில் ஒரு எழுத்துக் குறையாமல் அச்சாகியிருந்தது. குறைத்தவருக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. புரிந்திருந்தால் ரூபாயை விட்டுவிட்டு அதை வெட்டியிருப்பார்.

தையில் தசரதன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வேறொருவர் வீட்டு மேஜையில் கிடந்ததைப் பார்த்தேன். பெரியப்பா என்ற இடத்தில் என் பெயர் இல்லை. அதை எதிர்பார்த்தேன். பெண்ணின் தாத்தா பெயர் "தெய்வத்திரு வேதகிரி" என்று மட்டும் இருந்தது. எங்கள் வீட்டுப் பத்திரிகை எதிலும் முன்சீப் என்ற சொல் இல்லாமல் அந்தப் பெயர் அச்சானதில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் பாறைக்குப் போனேன். யாரிடமும் சொல்லாமல், வெயில் ஏறும் முன். பச்சைப் பெட்டியில் பெயின்ட் உரிந்திருந்தது. கிளியம்மாள் பன்னிரண்டாவது கூடையைக் கொட்டி, ஒரு பலகையை இழுத்து வாய்மட்டத்தைச் சமன் செய்தாள். மேஸ்திரி கொஞ்ச தூரத்தில் நின்று என்னைக் கண்டும் காணாதவனாகப் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"இப்போ கேக்கறானா?" என்றேன்.

"கேக்காம இருப்பானா? ரெண்டு நாள் முந்தி வந்து, இன்னும் ஒரு கூட போடுன்னான்."

"என்ன சொன்னே?"

"இன்னாத்துக்குன்னு கேட்டேன். முன்சீப்புக்குன்னு வாய தொறந்தான். கெஸட்டு போட்டுகீது, அந்தப் பேர சொல்லாதன்னேன். அப்ப யாருக்குன்னு கேட்டேன்." கிளியம்மாள் பலகையை ஜல்லி மேல் தட்டித் தூசியை உதறினாள். "நின்னான் நின்னான், ஒரு பேரும் வர்ல. வந்த வழியே பூட்டான்."

அவள் சட்டத்தைத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்தாள். வாய்மட்டம் சரியாக இருந்த ஜல்லிக் குவியல் நான்கு பக்கமும் சரிந்து உட்கார்ந்தது. நான் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.